‘போங்க’ சொன்னவர்

ராபர்ட்சன்பேட்டை டாக்ஸி ஸ்டாண்டில் இப்போது ஏழு வண்டிகள் நிற்கின்றன. போன மாதம் ஓர் ஆப் கம்பெனியின் ஆட்கள் இரண்டு பேர் வந்து, கோலார் தங்கவயலான எங்கள் கே.ஜி.எஃப்.பிலும் சேவை தொடங்கப்போவதாகச் சொல்லி, ஏழு பேருக்கும் ஆளுக்கொரு தாள் கொடுத்துவிட்டுப் போனார்கள். சேர விருப்பம் இருந்தால் கையெழுத்துப் போட வேண்டும். அந்தத் தாளை எடுத்துக்கொண்டு ஸ்டாண்டின் இப்போதைய செயலாளர் முருகேசன் என் வீட்டுக்கு வந்தான். நான் இந்த ஸ்டாண்டில் பத்தொன்பது வருடமும், அதன்பிறகு பெங்களூரில் ஆப் வண்டியில் எட்டு வருடமும் ஓட்டியவன். சர்க்கரை கண்ணைத் தொட்டுவிட்டதாக டாக்டர் சொன்னதால், போன வருடம் ஐம்பத்தேழு வயதில் ஓட்டுவதை நிறுத்தினேன்.

“ரெண்டு எடத்துலயும் குப்ப கொட்னவன் நீதான். எது நல்லதுன்னு சொல்லிடு, நாங்க முடிவு பண்ணிக்கறோம்” என்றான்.

வாயால் சொன்னால் ஏழு பேரும் ஏழு விதமாக எடுத்துக்கொள்வார்கள், எழுதித் தருகிறேன் என்றேன்.

“எழுது. ஆனா உன் டைரி மாதிரி எழுதாத. அதுல காலைல இன்னா சட்னின்றது கூட கீதாமே.”

இருக்கிறது. அதைத் தவிர்த்துவிட்டு எழுதுகிறேன்.

வருமானத்தைப் பற்றி எல்லாரும் கேட்கிறார்கள். அதை ஒரே பத்தியில் முடித்துவிடலாம். ஸ்டாண்டில் நல்ல நாளும் உண்டு, ஈ ஓட்டும் நாளும் உண்டு. ஆப்பில் வேலை இல்லாத நாளே இல்லை. ஆனால் நாள் முழுக்க ஓட்டினால்தான் அது தெரியும். ஸ்டாண்டில் பேரம் பேசித் தொண்டை வறளும். ஆப்பில் பேரமே இல்லை, அது பெரிய நிம்மதி. ஸ்டாண்டில் குழாயும் டீக்கடையும் நிழலும் உண்டு. பெங்களூரில் ஒன்றுக்குப் போக ஓர் இடம் கண்டுபிடிப்பதே தனித் தொழில். ஸ்டாண்டில் முறைக்காகச் சண்டை வரும். ஆப்பில் யாருடனும் சண்டை வராது, ஏனென்றால் பக்கத்தில் யாருமே இல்லை. இவ்வளவுதான். நான் சொல்ல வந்தது வேறு.

ஸ்டாண்டுக்கு வருவதற்கு முன் சில வருடங்கள் ஒரு கான்ட்ராக்டரின் ஜீப்பை ஓட்டினேன். டாக்ஸி ஓட்டுவதற்கான பேட்ஜ் கிடைத்ததும் ஒரு பழைய அம்பாசிடரை வாங்கிக்கொண்டு ஸ்டாண்டில் சேர்ந்தேன். அப்போது பதினான்கு வண்டிகள். செயலாளர் அந்தோணி அண்ணன்.

அவர் அதற்குமுன் சுரங்கத்தில் வேலை பார்த்தவர். ஷாஃப்ட் என்னும் ஆழ்குழியின் வாயில் நின்று, ஆட்களை இறக்கி ஏற்றும் கேஜ் என்ற கூண்டுக்கு மணி அடிக்கும் வேலை. தூசு ஒத்துக்கொள்ளாமல் முன்கூட்டியே வேலையை விட்டு, வந்த பணத்தில் வண்டி வாங்கியவர். உரக்கப் பேசி நான் கேட்டதில்லை. சட்டைப்பையில் பேனா இருக்கும் இடத்தில் ஒரு சாக்பீஸ் இருக்கும். மரத்தடியில் தொங்கிய கரும்பலகையில் வண்டிகளின் கடைசி இரண்டு எண்களை மேலிருந்து கீழாக எழுதுவார். மேலே இருப்பவனுக்கு முதல் சவாரி. வண்டி வெளியே போனால் எண்ணை அழிப்பார். திரும்பி வந்தால் கடைசியில் எழுதுவார்.

இதற்கு ஒரே விலக்கு ஆஸ்பத்திரி சவாரி. அதற்குப் போன வண்டியின் எண்ணை அழிக்கமாட்டார். சுற்றி ஒரு வட்டம் போடுவார். எத்தனை மணி நேரம் கழித்து வந்தாலும் அவனுடைய இடம் அவனுக்கு. பதிலுக்கு ஒரு நிபந்தனை. நோயாளி வீட்டார் ‘போங்க’ என்று வாயால் சொல்லாமல் வண்டி ஆஸ்பத்திரியை விட்டு நகரக் கூடாது. கோலாரானாலும் சரி, பெங்களூரானாலும் சரி, உள்ளே போனவர்களுக்குத் திரும்பி வர வண்டி கிடைக்காது என்பதால் வந்த விதி.

இதை எனக்கு யாரும் சொல்லவில்லை. சேர்ந்த மூன்றாவது வாரம் ஊரிகத்தில் சுரங்கத் தொழிலாளர்களின் லைன் வீடுகளிலிருந்து மேரி அக்காவையும் அவர் மாமியாரையும் கோலார் பெரிய ஆஸ்பத்திரியில் இறக்கிவிட்டு, ஒரு மணி நேரத்தில் ஸ்டாண்டுக்குத் திரும்பிவிட்டேன். அந்தோணி அண்ணன் என் காரின் பின்சீட்டை எட்டிப் பார்த்தார்.

“இன்னாப்பா, காலியா வந்துகீற?”

“எறக்கி உட்டுட்டேண்ணே. உள்ள போய்ட்டாங்க.”

“போங்க சொன்னாங்களா?”

“ஒண்ணும் சொல்லலண்ணே.”

அவர் திட்டவில்லை. கையை நீட்டினார். சாவி கேட்கிறார் என்று புரிய எனக்குச் சிறிது நேரம் ஆனது. என் வண்டியிலேயே ஏறி அவரே கோலாருக்குப் போனார். சாயங்காலம் ஐந்தரை மணிக்கு மேரி அக்காவையும் மாமியாரையும் வீட்டில் விட்டுவிட்டு வந்து, சாவியை என் கையில் வைத்தார். மற்றவர்கள் டீக்கடையில் நின்று என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

“ஆளு எறங்கிட்டான்னு கீழ இருந்து மணி வராம நான் கேஜ நகத்தினதே இல்ல,” என்றார். “நகத்திருந்தா இன்னா ஆயிருக்கும்னு உனக்கே தெரியும். போய் டீ சாப்டு.”

அன்றிலிருந்து என் டைரியில் ஆஸ்பத்திரி சவாரிகளுக்கு மட்டும் ஒரு கட்டம் அதிகம் போட்டேன். தலைப்பு: ‘போங்க சொன்னவர்’. ஏனென்றால் திரும்பி வந்ததும் அண்ணன் “யாரு சொன்னாங்க?” என்று கேட்பார். ‘மூத்த மகன்’, ‘மருமகள்’, ‘நோயாளியே’ என்று எழுதி வைத்துக்கொண்டால் தடுமாறாமல் பதில் சொல்லலாம். பத்தொன்பது வருடத்தில் அந்தக் கட்டத்தை நான் காலியாக விட்டதில்லை.

சுரங்கம் மூடிய பிறகு ஊரின் பாதி ஜனம் காலை ரயிலில் பெங்களூருக்கு வேலைக்குப் போகத் தொடங்கியது. சவாரி தேய்ந்தது, பதினான்கு ஒன்பதாயிற்று. கடைசியில் நானும் அதே ரயிலில் ஏறினேன். புது வண்டியைக் கே.ஆர். புரத்தில் என் மச்சான் வீட்டு வாசலில் நிறுத்திவைப்பேன். விடியற்காலை ரயில், ஏழேகாலுக்கு வண்டி, சாயங்கால ரயிலில் வீடு. ரயிலில் எனக்கு எதிர்சீட்டில் உட்கார்ந்து சீட்டாடிக்கொண்டு வந்தவர்கள் எல்லாம் ஒரு காலத்தில் என் காரில் ஏறியவர்கள்.

ஆப்பில் சேர்க்க இரண்டு மணி நேரப் பயிற்சி தந்தார்கள். ஒரு பையன் திரையைக் காட்டி, “ஏறினதும் ஸ்டார்ட், இறங்கினதும் எண்ட், அவ்ளோதான் அங்கிள்” என்றான். அதற்குமேல் கற்றுக்கொண்டதெல்லாம் பட்டுத்தான். முதல் நாள் ஒரு பெண்மணி ஏறியதும், வழக்கப்படி “யார் வீட்டுக்கும்மா?” என்று கேட்டேன். “மேப்ல போட்டிருக்கேனே” என்றார். இரண்டாம் நாள் ஒருவரின் பெட்டியைத் தூக்கிக்கொண்டு மூன்றாவது மாடிவரை போய்விட்டேன்; கதவருகே அவர் என்னைப் பார்த்த பார்வை இன்னும் நினைவிருக்கிறது. மூன்றாம் நாள் ஒருவர் கறுப்புச் சட்டையோடு சோர்ந்து உட்கார்ந்திருந்தார். வீட்டில் ஏதாவது துக்கமா என்று கேட்டேன். ஆபீஸ் யூனிஃபார்ம் என்றார். பயணிகள் எனக்குப் போடும் நட்சத்திரம் ஐந்துக்கு நான்கு புள்ளி மூன்றில் வந்து நின்றது. மெல்ல மெல்ல வாயை மூடக் கற்று, அதை நான்கு புள்ளி ஆறுக்கு ஏற்றினேன்.

நான்காவது வருடம் அந்தச் சவாரி வந்தது.

காலை பத்து இருபதுக்கு ஹொரமாவில் ஓர் அடுக்குமாடி வாசலில் ஒரு பெண் ஏறினார். இருபத்தைந்து இருபத்தாறு வயது, ஏழெட்டு மாதக் கர்ப்பிணி. தனியாக வந்தார். கையில் ஒரு ஃபைலும் துணிப்பையும். போகும் இடம் ஒரு பிரசவ ஆஸ்பத்திரி. போனில் கணவரிடம் கன்னடத்தில் பேசிக்கொண்டே வந்தார். கணவர் வேறு ஊரில் இருக்கிறார் என்பதும், காலையிலிருந்து வயிற்றில் அசைவு குறைவாக இருக்கிறது என்பதும் அதிலிருந்து தெரிந்தது. நான் வாயைத் திறக்கவில்லை. பள்ளங்களில் மட்டும் நிதானமாக இறக்கி ஏற்றினேன். பதினொன்று பத்துக்கு ஆஸ்பத்திரி வந்தது. அவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நேராக உள்ளே போனார். நான் ‘எண்ட்’ அழுத்தினேன்.

வண்டி நகரவில்லை. அதாவது, நான் நகர்த்தவில்லை.

இதற்குமுன் பெங்களூரில் ஆஸ்பத்திரிச் சவாரிகள் வந்ததில்லையா என்று கேட்கலாம். வந்தன. ஆனால் எல்லாவற்றிலும் கூட யாராவது இருந்தார்கள். “ஓகே, தேங்க்யூ” என்று ஏதாவது சொல்லிவிட்டுப் போனார்கள். அதை நான் ‘போங்க’ கணக்கில் வைத்துக்கொண்டேன். இவர் ஒன்றுமே சொல்லவில்லை. துணைக்கும் ஆளில்லை. அடுத்த சவாரி எதையும் ஏற்காமல், மதிலோரம் வண்டியை நிறுத்தி உட்கார்ந்தேன். காவலாளி இரண்டு முறை விரட்டினார். இரண்டு முறை சுற்றிவந்து அதே இடத்தில் நிறுத்தினேன். ஒரு மணிக்கு மனசு கேட்கவில்லை. உள்ளே போய், “காலையில் தனியாக வந்த கர்ப்பிணியம்மா எப்படி இருக்காங்க?” என்று விசாரித்தேன். நீங்கள் யார் என்று கேட்டார்கள். டிரைவர் என்றேன். ஸ்கேன் நடக்கிறது என்று சொல்லி அனுப்பினார்கள்.

இரண்டு நாற்பதுக்கு அவர் வெளியே வந்தார். முகம் தெளிந்திருந்தது. எனக்கு அவ்வளவு சந்தோஷம். ஓடிப்போய்ப் பின்கதவைத் திறந்து, “வாங்கம்மா, வீட்டுக்குப் போகலாம்” என்றேன்.

அவர் இரண்டடி பின்னால் போனார்.

“நீங்க காலையில வந்தவர்தானே? இன்னும் ஏன் இங்க இருக்கீங்க?”

“நீங்க போகச் சொல்லலையேம்மா.”

உலகத்தில் இதைவிட மோசமான பதில் இருக்க முடியாது என்று எனக்கு அப்போது தெரியவில்லை. உள்ளே வந்து விசாரித்த டிரைவர் நான்தானா என்று கேட்டார். ஆமாம் என்றேன். உடனே அவர் காவலாளியைக் கூப்பிட்டார். என் நம்பர் பிளேட்டைப் படம் எடுத்தார். வேறு வண்டி வரவழைத்துப் போய்விட்டார். டைரியில் எழுதினேன்: ‘2.40. அம்மா நலம். வேறு வண்டியில் போனார்.’ கட்டத்தில் எழுத ஒன்றுமில்லை.

நான்கு மணிக்கு என் ஆப் பூட்டிக்கொண்டது. ஒரு பெண் பயணியைப் பின்தொடர்ந்ததாகப் புகார். விசாரணை முடியும்வரை ஓட்ட முடியாது. புகார் உண்மையானால் நிரந்தர நீக்கம். ரயிலில் சீட்டாடும் குழு இரண்டு முறை கூப்பிட்டது. தலைவலி என்றேன். வேலை போவதுகூடப் பரவாயில்லை. இப்படி ஒரு பெயரோடு ஊரில் போய் எப்படி இறங்குவது? என் மனைவியிடம் அன்றே எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டுவிட்டு அவள், “அந்தப் பொண்ணு பயந்ததுல இன்னா தப்பு?” என்றாள். பிறகு, “வெசாரிக்கற எடத்துக்கு உன் டைரிய எடுத்துனு போ” என்றாள்.

கம்பெனி அலுவலகத்தில் டோக்கன் எடுத்து, ஒன்றரை மணி நேரம் காத்திருந்தேன். விசாரித்தவர் முப்பது வயதுப் பெண் அதிகாரி, பெயர் ரேகா. அல்சூர்க்காரர், தமிழ் பேசினார். மேஜையில் கம்ப்யூட்டரைத் தவிர ஒரு துண்டுக் காகிதம்கூட இல்லை. உட்காரச் சொன்னார், தண்ணீர் கொடுத்தார். நடந்ததைச் சொல்லச் சொன்னார். குறுக்கே ஒரு கேள்வி கேட்கவில்லை. முடித்ததும், “இப்ப கடைசியிலேர்ந்து முன்னாடி சொல்லுங்க” என்றார்.

பொய் சொல்பவனுக்கு அது வராதாம். எனக்கு அது பழக்கம். ராத்திரி டைரி எழுதும்போது பின்னாலிருந்துதான் நாளை நினைத்துப் பார்ப்பேன். இரண்டு நாற்பது, ஒன்று, காவலாளி விரட்டிய பன்னிரண்டு ஐந்து, பதினொன்று பத்து என்று நிமிடம் தவறாமல் சொன்னேன். அவர் திரையில் வண்டியின் தடத்தை ஒப்பிட்டுக்கொண்டே வந்தார்.

“நேரம் எல்லாம் சரியா இருக்கு. ஆனா அது உங்களுக்குத்தான் கஷ்டம். மூணரை மணி நேரம் நீங்க அங்கதான் இருந்திருக்கீங்க. ஏன்?”

பையிலிருந்து டைரிகளை எடுத்தேன். அந்த வருடத்தியது ஒன்று, ஸ்டாண்டு காலத்தவை நான்கு. அவர் பழையதில் ஒன்றை நடுவில் பிரித்தார். ‘கோலார் பெரிய ஆஸ்பத்திரி. இறக்கியது 9.15. காத்திருந்தது 6 மணி 10 நிமிடம். போங்க சொன்னவர்: மூத்த மகன்.’ பக்கத்தைப் புரட்டினார். ‘காத்திருந்தது 2 மணி 25 நிமிடம். போங்க சொன்னவர்: நர்ஸ், வீட்டார் சொல்லி.’ இன்னொரு டைரி. ‘பேத்தமங்களாவிலிருந்து பிரசவம். காத்திருந்தது 11 மணி. போங்க சொன்னவர்: குழந்தையின் அப்பா. சர்க்கரை கொடுத்தார்.’

“இது இன்னா, போங்க சொன்னவர்?” என்று கேட்டார். அதுவரை அலுவலகத் தமிழில் பேசியவர் வாயில் ‘இன்னா’ வந்ததும் எனக்குச் சிறிது தைரியம் வந்தது. விதியைச் சொன்னேன்.

“இத நீங்களே எழுதிக்கிட்டீங்க. வேற யாராவது சொல்வாங்களா?”

அந்தோணி அண்ணனுக்குப் போன் போட்டேன். அப்போது அவருக்கு எண்பதை நெருங்கும் வயது. ரேகா மேடம் ஸ்பீக்கரில் வைக்கச் சொன்னார். கம்பெனி பெயரைச் சொல்லி, உங்கள் ஸ்டாண்டில் இருந்த இந்த டிரைவர் ஒரு கர்ப்பிணிப் பெண்ணை ஆஸ்பத்திரியில் இறக்கிவிட்டு மூன்றரை மணி நேரம் அங்கேயே இருந்திருக்கிறார் என்றார்.

அந்தப் பக்கம் இருமல் கேட்டது. பிறகு, “அந்தம்மா போங்க சொல்லிச்சா?” என்றார் அண்ணன்.

“இல்லிங்க.”

“அப்ப எப்டிம்மா வருவான்?”

ரேகா மேடம் போனையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். கம்ப்யூட்டர் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தார். அண்ணன் விடவில்லை. “கொழந்த நல்லா கீதா?” என்று கேட்டார்.

“தெரியலிங்க. நான் அவங்ககிட்ட இன்னும் பேசல.”

“மொதல்ல அத கேளும்மா. அப்பறம் இவன விசாரி.”

என்னை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு, ரேகா மேடம் அந்தப் பெண்ணிடம் போனில் பேசினார். இருபத்திரண்டு நிமிடம். கண்ணாடிக்குப் பின்னால் அவர் என் டைரியைப் படித்துக் காட்டுவது தெரிந்தது. திரும்ப உள்ளே கூப்பிட்டார்.

“குழந்தை நல்லா இருக்காம். புகாரை வாபஸ் வாங்கறேன்னு சொல்றாங்க. ஆனா ஒண்ணு சொன்னாங்க, அத நீங்க கேக்கணும். ‘அவர் யாருன்னு எனக்கு எப்படித் தெரியும்?’ன்னாங்க.”

நான் தலையாட்டினேன். மேரி அக்காவுக்கு என்னைத் தெரியும். என் அப்பா சுரங்கத்தில் எந்த ஷிஃப்டில் வேலை பார்த்தார் என்பதுகூடத் தெரியும். இந்தப் பெண்ணுக்கு நான் ஒரு நம்பர் பிளேட். கே.ஜி.எஃப்.பில் மரியாதையாக இருந்தது பெங்களூரில் பயமுறுத்தலாகிவிட்டது. தவறு அவருடையது அல்ல. சத்தியமாக என்னுடையது.

ஓர் உறுதிமொழி எழுதித் தரச் சொன்னார்: ‘பயணம் முடிந்ததும் அந்த இடத்தை விட்டு உடனே நீங்குவேன்.’ எழுதினேன். கையெழுத்துப் போடும் இடத்தில் பேனா நின்றது.

“இன்னும் என்ன?” என்றார்.

“ஒரு வார்த்தை சேத்துக்கட்டுமா மேடம்? ‘பயணியைக் கேட்டுக்கொண்டு’ன்னு.”

அவர் யோசித்தார். “கேக்கறதுல தப்பில்ல. போடுங்க” என்றார். மறுநாள் காலை ரயில் பங்காருப்பேட்டையைத் தாண்டும்போது ஆப் திறந்துகொண்டது. சீட்டாட்டத்தில் ஒரு கை சேர்ந்துகொண்டேன். தோற்றேன்.

அதன்பிறகு ஓட்டிய நான்கு வருடமும், எந்தச் சவாரியானாலும், ‘எண்ட்’ அழுத்துமுன் பின்னால் திரும்பி, “நான் போகலாமா?” என்று கேட்டேன். தமிழில், கன்னடத்தில், தெரிந்த அளவு இந்தியில். முக்கால்வாசிப் பேர் விழித்தார்கள். சிலர் “பின்னே?” என்றார்கள். ஒருவர், ஏதோ மறந்துவிட்டோம் என்று சீட்டுக்கு அடியில் தேடினார். ‘ஓட்டுநர் அனுமதி கேட்டுவிட்டுப் போகிறார், நல்ல பழக்கம்’ என்று பலர் எழுதியதில் நட்சத்திரம் நான்கு புள்ளி எட்டுக்கு ஏறியது. அந்தோணி அண்ணனிடம் சொன்னேன். ஐந்துக்கு இன்னும் புள்ளி இரண்டு குறைகிறதே, அது எங்கே போயிற்று என்றார்.

ஆகவே முருகேசா, கையெழுத்துப் போடுங்கள். வேலை வரும், பேரம் மிச்சம். நம் ஊரிலேயே ஓட்டினாலும், ஏறுகிறவர் உங்களைத் தெரிந்தவராக இருப்பார் என்று மட்டும் நினைக்காதீர்கள். கேளுங்கள். போகலாமா என்று கேட்டால் ‘இருங்க’ என்று சொல்பவர்களும் உண்டு.

எனக்கு நான்கு வருடத்தில் மூன்று பேர் சொன்னார்கள். மூன்றாமவர் ஒரு வயதான தெலுங்குக்காரர். மனைவிக்குக் கண் ஆபரேஷன், பார்க்க வந்திருந்தார். நான் கேட்டதும் ஆஸ்பத்திரிக் கட்டடத்தை நிமிர்ந்து பார்த்துவிட்டு, “கொஞ்சம் இருங்க” என்றார். ஆப்பை அணைத்துவிட்டு இருந்தேன். நாலேகாலுக்கு மனைவியைக் கைத்தாங்கலாக அழைத்துவந்தார். பின்கதவைத் திறந்தேன். மனைவியைப் பின்சீட்டில் சாய்த்து உட்காரவைத்தார். பிறகு சுற்றி வந்து, முன்கதவைத் தானே திறந்து, என் பக்கத்தில் உட்கார்ந்து, “சாப்பிட்டீங்களா?” என்று கேட்டார்.